மூன்று மூலைப் படுதா

பூனா கேம்ப்பில் செருப்புக்கடை வைத்திருந்த நூருல் அமீனும் கூட்டாளி பாட்சாவும் அறுபத்திரண்டு டிசம்பரில் பாய்மரப் படகில் லட்சத்தீவுகளைச் சுற்றிவரத் திட்டம் போட்டார்கள். இரானி ஹோட்டல் மேஜையில் வரைபடத்தை விரித்து, கல்பேனியில் எத்தனை நாள், மினிக்காயில் எத்தனை நாள் என்றுகூட முடிவாகிவிட்டது. மங்களூரில் அமர்த்திய படகுக்குப் பாய்தான் நைந்திருந்தது.

வாடிக்கைக்காரனை மராட்டியில் பேசியே மடக்குகிற நூருல் அமீனுக்கு, மனைவி ஜொஹ்ராவிடம் இதைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. அவள் காக்கா என்றழைத்த அண்ணன் கீழக்கரையிலிருந்து தோணியில் போனவன், திரும்பவேயில்லை. கடல் என்று வாயெடுத்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அதனால், பாட்சா வெட்டித் தந்த கித்தான் துணியை அவள் முன்னால் போட்டு, "கடை வாசலுக்குப் படுதா. தைச்சுக் குடு" என்றான்.

மிஷினில் இரண்டு ஊசி ஒடிந்தது. பிறகு நாலு நாள் கையாலேயே தைத்தாள். அவள் விரல் நுனியில் ரத்தம் கட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் மடித்துக் கொடுத்தாள்.

"மூணு மூலையில எந்தக் கடைக்குங்க படுதா கட்டுறாங்க? எங்க வாப்பா தோணிக்குப் பாய் தைக்கிறவருன்னு மறந்துட்டீங்களா?"

அவன் மடிப்பைப் பிரித்து ஓரத்தைத் தடவினான்.

"ஓரமெல்லாம் ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். காக்கா கொண்டுபோன பாய்க்கு ஒத்தைத் தையல்தான். அதைத் தைச்சதும் நான்தான்."