எண்ணெய் தொட்ட வள்ளம்

ஏரி கறுப்பாகக் கிடந்தது. காற்றில்லை. அலையில்லை. கரைக் கற்களின் மேல் மட்டும் மெல்லிய உறைபனி, விடிந்த வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தது.

ஒக்டோபரின் கடைசி வாரம். பறவைகள் தெற்கே போய்விட்டன. மேப்பிள் மரங்கள் இலைகளைக் கொட்டிவிட்டு வெறுமனே நின்றன. காடு வாயே திறக்கவில்லை. நளாயினிக்கு அந்த அமைதி துளியும் பிடிக்கவில்லை.

வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முன்முனையருகே அவளுடைய கணவன் பகீரதன் முழங்காலில் நின்றான். வெள்ளி நிற டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினான். தடவினான். மறுபடியும் கிழித்து ஒட்டினான்.

நேற்று மத்தியானம், ஆறு ஏரிக்குள் இறங்கும் இடத்தில், ஒரு பாறை உரசியது. பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனாலும் வள்ளத்தின் கண்ணாடி இழைத் தோல், வெந்த கிழங்கின் தோல் போல, உள்ளங்கை அளவுக்குக் கழன்று தொங்கியது. உள்ளே மரம் தெரிந்தது. மரத்தில் கருமையாக ஒரு சுழி.

பிள்ளையார் சுழி. அவள் விரலால் போட்டது.

அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மரத்தின் இயல்பான கறை என்று நினைத்திருப்பான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

பதினான்கு மாதம் கட்டிய வள்ளம் அது. கனடாவில், ஸ்காபரோவில் அவர்கள் வீட்டு கராஜில். கார் பாவம், இரண்டு குளிர்காலம் வெளியே பனியில் நின்றது.

பகீரதன் சீடர் என்ற தேவதாரு வகை மரத்தை விரலகலக் கீற்றுகளாகச் சீவினான். ஒரு கீற்று, ஒரு கீற்றாக ஒட்டினான். கடையில் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அவருக்கு இப்ப ரெண்டு பெண்சாதியடி,” என்று நளாயினியின் அக்கா தொலைபேசியில் கேலி செய்தாள்.

நளாயினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பயந்தாள்.

ஒன்பது வயதில், சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வள்ளமேறியவள் அவள். நடுக்கடலில் வள்ளத்தின் ஒரு பலகை கழன்றது. பால்மா டின்னால் தண்ணீரை அள்ளினார்கள். அள்ள அள்ள வந்தது. கரை சேர்ந்தார்கள், எல்லோரும் அல்ல. அதன் பிறகு அவள் ஒரு குளத்தில் கூடக் கால் நனைத்ததில்லை.

இந்த வள்ளத்தில் ஏறுவதென்றால் அவனை மட்டும் நம்பி ஏற முடியாது. பிள்ளையாரையும் நம்ப வேண்டியிருந்தது.

மரத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்திப் பிசின் பூசும் நாள். காலையிலேயே கையுறை வாங்க அவன் கடைக்குப் போயிருந்தான். அவள் சாமியறையில் விளக்கேற்றினாள். விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு கராஜுக்கு இறங்கினாள்.

சந்தனம் வைத்தால் அவன் கண்டுவிடுவான். கண்டால் ஒரு கிழமைக்குக் கேலி செய்வான். எண்ணெய் என்றால் மரம் குடித்துவிடும், யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். விளக்கு எண்ணெயைத் தொட்டு முன்முனையில் சுழி போட்டாள்.

விரலில் எண்ணெய் மிச்சமிருந்தது. சாமி எண்ணெயைப் பழந்துணியில் துடைக்க மனம் வரவில்லை. மறுபடியும் மரத்தைத் தொட்டாள். கவிழ்ந்திருந்த வள்ளத்தின் நடு முதுகில், பசை காய்ந்து கறுத்திருந்த பொருத்தின் மேலேயே, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே கோடாக இழுத்தாள். எண்ணெய் குறையக் குறையத் தொட்டுத் தொட்டு இழுத்தாள். கறுப்பில் கறுப்பு மறைந்தது. வள்ளத்தின் முதுகெலும்பு முழுவதையும் பிள்ளையாரிடம் ஒப்படைத்த நிம்மதியில் அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மூன்று நாள் கழித்து, வெறும் பிசின் தகரங்களைக் குப்பையில் போடப் போனவள், தகரத்தின் பக்கத்தில் இருந்த சிவப்பு எழுத்துகளை வாசித்தாள். எண்ணெய் பட்ட மரத்தில் இந்தப் பிசின் பிடிக்காது.

இரண்டு தரம் வாசித்தாள். தகரத்தைப் பையின் அடியில் தள்ளினாள்.

கராஜில் வள்ளம் பளபளத்தது. அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கலியாணத்தன்று கூட அவன் முகத்தில் அத்தனை வெளிச்சம் இருக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

“காத்து எழும்ப முதல் வெளிக்கிடுவம்,” என்றான் பகீரதன்.

காட்டில் கூடாரமடிக்க வந்தபோது விட்ட கார் அக்கரையில் நின்றது. நேரே போனால் ஒன்றரை மணித்தியாலம். கரையைப் பிடித்துக்கொண்டு, வளைவு வளைவாகச் சுற்றினால் நாள் முழுக்க. மேற்கே வானம் ஈயமாய்க் கனத்திருந்தது. நூடுல்ஸ் பைக்கற் இரண்டு மிச்சமிருந்தது.

“கரையோரமாப் போவமே?” என்று கேட்டாள்.

“ஏன், ஒரு சின்னக் கீறலுக்கோ? உள்ளங்கை அளவுதான். டேப் பிடிச்சிட்டுது. பயப்பிடாதையும்.”

கரையோரமாகப் போனால், வள்ளம் பிளந்தாலும் காலுக்குத் தரை தட்டும். நடுவில் பிளந்தால் தட்டாது. காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டுக் கொடுத்த பெண் அவர்களை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னது நளாயினிக்கு நினைவில் நின்றது. இந்த மாதத்துக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு நீச்சல் தெரிந்த கையும் கேட்காது.

வாய் வரை வந்தது. அவன் டேப்பின் ஓரத்தைப் பெருவிரலால் கடைசியாக ஒரு தரம் அழுத்தினான். குழந்தையின் காயத்துக்கு மருந்து போட்டவனின் முகம் அவனுக்கு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

முன்னால் அவள் ஏறினாள். நடுவில் பொதிகள். பின்னால் அவன்.

*

துடுப்பு இறங்கியது. எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

கரை மெல்ல மெல்லச் சிறுத்தது. முதலில் கற்கள் மறைந்தன. பிறகு மரங்கள் தனித்தனியாகத் தெரிவது நின்றது. பிறகு ஒரு கருங்கோடு.

பொழுது ஏறியும் வெளிச்சம் ஏறவில்லை. ஏரியின் நிறம் ஈயமானது. தூரத்தில் நீர் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அவர்களை நோக்கி வந்தது.

காற்று.

முதல் அலை வள்ளத்தின் கன்னத்தில் தட்டியது. இரண்டாவது அறைந்தது.

டிக்.

சின்னச் சத்தம். நகம் உடைவது போல. அவளுடைய முழங்காலுக்கு முன்னால், அடியில்.

“கேட்டதே?” என்றாள். அவன் காதில் விழவில்லை. காற்று அவளுடைய பேச்சை முன்னால் பறித்துக்கொண்டு போனது.

டிக்.

முழங்கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். நேற்றைய பாறையால் உள்பக்கத்திலும் ஒரு மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. அதன் வழியே தண்ணீர் கசிந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்தது மாதிரி வந்தது.

சமைக்கிற சட்டியை எடுத்து அள்ளினாள். அள்ளி ஊற்றினாள். அள்ள அள்ள வந்தது. ஒன்பது வயதுக் கை அது. முப்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை.

“தண்ணி வருதோ?” அவன் குரல் உயர்ந்தது. “அள்ளும், அள்ளும். நான் வலிக்கிறன். பாதி வந்திட்டம்.”

இனியும் விழுங்க முடியவில்லை.

“இஞ்சேருங்கோ!” கத்தினாள். “நான்தான். அந்த இடத்தில எண்ணெய் வைச்சது நான்தான். பிள்ளையார் சுழி போட்டனான். அதாலதான் கழண்டது.”

துடுப்பு ஒரு தரம் தவறியது. பிறகு மீண்டும் நீரில் இறங்கியது.

“தெரியும்,” என்றான்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் வள்ளம் சரியும்.

“அண்டைக்கே கண்டனான், நளா. நீர் கும்பிட்டுப் போட்டது. அதைத் துடைச்சு விட எனக்கு மனம் வரேல்லை. உள்ளங்கை அளவுதானே, என்ன வந்திடப் போகுது எண்டு மேலால துணியைப் போர்த்திட்டன்.”

அவளுக்கு அழுகை முட்டியது. கேலி செய்வான் என்று பயந்தாளே, அவன் அதைக் காப்பாற்றி அல்லவா வைத்திருந்தான். ஒரு கணம், தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில், அவள் சந்தோசமாக இருந்தாள்.

பிறகு அவள் கை சட்டியோடு அப்படியே நின்றது.

உள்ளங்கை அளவு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவன் நடு ஏரிக்கு வந்தான்.

டிக்.

இப்போது அது அவளுக்குப் பின்னால். பொதிகளுக்குக் கீழே. டிக், டிக், டிக் என்று நேர்கோட்டில், அவள் விரல் போன வழியிலேயே, சத்தம் பின்னோக்கி ஓடியது. கழன்ற தோல் வள்ளத்துக்கு அடியில் நீரை அறையும் ஓசை கேட்டது. வள்ளம் கனத்தது. துடுப்பு வலித்தும் நகரவில்லை.

“அது ஒண்டுதானே?” என்று கேட்டான் பகீரதன். குரலில் இன்னும் தைரியம் இருந்தது. “வேறை ஒரு இடத்திலயும் வைக்கேல்லைத்தானே?”

அவள் முன்கரையைப் பார்த்தாள். கருங்கோடு. கழுத்தை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலால் பின்கரையைப் பார்த்தாள். அதே அளவு கருங்கோடு.

“நடுவால ஒரு கோடு இழுத்தனான்,” என்றாள். “உங்கட காலடி வரைக்கும்.”

பின்னால் துடுப்பு நின்றது. அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் கோபப்படவில்லை.

“லைஃப் ஜாக்கெற் வாரை இறுக்கிக் கட்டும்,” என்று மட்டும் சொன்னான்.