ஐம்பது மணித்தியாலமும் ஒரு சஹனும்

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனால் இந்த அம்ஜத்துக்கு வேலை கிடைத்தது பொறுமையே தொழிலான ஓர் ஆய்வுக்கூடத்தில்!

வவுணதீவு சுலோஜனா அக்காவின் ஆடு ஒன்று வேலிக்கம்பியில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, மயிர் கொட்டி, நடுங்கிச் செத்துப்போனது. பிரியான் நோயோ என்று சந்தேகப்பட்ட மிருக வைத்தியர் மூளைத் துண்டை எங்களுக்கு அனுப்பினார். அந்த நோயில் உருக்குலைந்த புரதம் நல்ல புரதத்தையும் தன்னைப்போல ஆக்கிவிடும்; சிலவேளை வேறு மிருகத்தினுடையதையும் விடாது. அதனால் ஆட்டின் மூளைக் கரைசலை வெள்ளெலிப் புரதத்தோடு குழித்தட்டில் விட்டு, சூடாக்கிக் குலுக்கிக்கொண்டே இருப்போம். புரதம் கெட்டால் குழி ஒளிரும். ஒளிர்ந்தால் அக்காவின் மிச்சம் முப்பத்தாறு ஆடுகளையும் கொன்று எரிக்க வேண்டும்.

ஐம்பது மணித்தியாலம்தான் எல்லை. அதைத் தாண்டினால் நல்ல புரதமும் தானாக ஒளிரத் தொடங்கும். வெள்ளி பகல் இரண்டு மணிக்கு நான் நிறுத்த வேண்டும்.

அன்று ஜும்ஆத் தொழுகை முடிய, காத்தான்குடியில் மச்சான் இஷாமின் கல்யாணச் சாப்பாடு. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். எல்லாரும் முடிக்காமல் ஒருவர் எழும்புவது மரியாதையில்லை. என் பக்கத்தில் முத்தலிப் மாமா ஒரே எலும்பை அரைமணி நேரம் சூப்பினார்.

"மாமா, கெதியாத் தின்னுங்களன்!"

"என்ன மருமகன், ரயில் பிடிக்கவா போறீங்க? வட்டிலாப்பம் இன்னும் வரல்ல!"

ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்து சேர மணி ஐந்து. ஆட்டுக் குழிகள் நான்கும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவசரக் குடுக்கை நான், உடனே அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா... ஒளிருது."

அவர் போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் கவனித்தேன். ஆட்டின் மூளையே படாத, நல்ல புரதம் மட்டும் விட்ட குழியும் ஒளிர்கிறது! பதிவைப் பின்தள்ளிப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கவென்று நோய் உறுதியான மூளைக் கரைசல் விட்ட குழி முதல்நாளே ஒளிர்ந்திருந்தது, சோதனை பிழையில்லை. ஆட்டுக் குழிகளோ இரண்டு மணிவரை கும்மிருட்டு.

எங்கள் றஸீனா டொக்டரும் பார்த்தார். "நோய் இல்ல. மறுகா நீ ஏன் வாயைத் திறந்த?"

அக்கா போனை எடுக்கவேயில்லை. கல்யாணச் சட்டையோடு வவுணதீவுக்கு மோட்டார்சைக்கிளை விரட்டினேன். ஆட்டுப்பட்டி வெறுமையாகக் கிடந்தது. அறுவடை முடிந்த வயல்வட்டைக்குள் அக்கா தடியோடு நின்றார்.

"கிட்ட வராதீங்க! ஒண்டையும் தரமாட்டன்!"

"நோய் இல்லக்கா! என்ர பிழை!"

முதுகில் ஒன்று விழுந்தது. அடுத்த நிமிடம் என் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

"மறுகா என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? நான் பத்தைக்குள்ள ஒளிச்ச ஆடெல்லாத்தையும் நீங்கதான் பிடிச்சுத் தரணும்!"

பொழுது சாய்வதற்குள் புழுதியில் விழுந்தெழும்பி முப்பத்தைந்தைப் பிடித்தோம். கடைசி ஆடு ஒரு பற்றைக்குப் பின்னால் நின்று, ஈரம் காயாத குட்டியொன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, முப்பத்தேழு!"

"ஒருக்கா வடிவாப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி," என்றவர், சிரிப்புத் தாங்காமல் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.