நகவெட்டியால் கழற்றிய தாழ்ப்பாள்

பட்டறையில் அவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அந்த ஓய்வுபெற்ற ஃபிட்டரின் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஆடுகிற நாற்காலியா, ஆகட்டும். ஓடாத மின்விசிறியா, ஆகட்டும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த ஆண்கள் சிலர் சேர்ந்து, அக்கம்பக்கத்துக்கு இலவசமாக ரிப்பேர் பார்க்கிற இடம் அது. அங்கே அவருக்குத் தனி மவுசு.

வீட்டிலும் அவர் அதே சொல்லைத்தான் சொல்வார். என்ன, அங்கே எதுவும் ஆகாது. குழாய் சொட்டும், ஜன்னல் கொக்கி தொங்கும், மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்து ஓய்ந்துவிட்டாள். அதனாலேயே பட்டறைக்காரர்கள் யாரையும் அவர் வீட்டுப் பக்கம் அண்ட விட்டதில்லை. வந்தால் மானம் கப்பலேறிவிடும் அல்லவா?

அன்று வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி.

அவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அவள் கைக்குட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். ஒரு தாழ்ப்பாள், கொஞ்சம் ஸ்க்ரூ. அவர்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள். காலையில் அந்தக் கதவுக்கு வாளியை முட்டுக் கொடுத்திருந்ததை அவர் பார்த்தார். வாளியை நகர்த்திவிட்டுக் குளித்தார், ஏனென்று கேட்கவில்லை.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த பஸ் டிரைவர். அவரும் ஓய்வுபெற்றவர்தான்.

"ரொம்ப நாளா இறுகிக்கிட்டே இருந்துச்சுங்க. நேத்து நான் உள்ள இருக்கிறப்ப சுத்தமா மாட்டிக்கிச்சு. மத்தியானம் பூரா தட்டினேன், கத்தினேன். கேக்க ஆளில்ல. கடைசியில அங்க கிடந்த நகவெட்டியால ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டிட்டு வெளிய வந்தேன்."

நேற்று மத்தியானம் ஃபிட்டர் அடுத்த தெருவில் யாருடைய பூட்டையோ சரிசெய்துகொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தப் பெருமையை அளந்தபோது, அவள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை இப்போதுதான் பார்க்கிறார்.

"அடப் பாவமே! வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் தனக்காக விட்டது என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. 'நான்தான்யா அந்த ஆம்பளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு அரத்தைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த அரத்தை.

"பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் குத்தியது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத வீட்டுக்கு ஒருவர் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். டிரைவர் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார். "ஆகட்டும், வாய்யா, போயிட்டு வந்துடலாம்."

அந்தச் சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மனைவி முன்னால் போக, தன் தெருவிலேயே வெளியூர்க்காரன் மாதிரி நடந்தார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடத்தில் அவள் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, "எடுத்துக்குங்க," என்றாள், யாரோ மூன்றாம் மனிதருக்குக் கொடுப்பதுபோல.

டிரைவர் திருப்புளியை அவர் கையில் கொடுத்தார். குளியலறைக் கதவின் உட்பக்கம் முழுக்கக் கீறல். நகவெட்டி வழுக்கிய இடமெல்லாம் பெயிண்ட் உரிந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் காய்ந்த ரத்தம். எத்தனையோ வீடுகளில் பூட்டு மாட்டிய கை, இங்கே முதல் ஸ்க்ரூவையே இரண்டு முறை கீழே போட்டது. எப்படியோ மாட்டி முடித்தார்.

"உள்ள போய் நீயே போட்டுப் பாருய்யா," என்றார் டிரைவர். வேலை பார்த்தவரே சோதித்துக் காட்டுவதும் பட்டறை வழக்கம்தான்.

உள்ளே போய்த் தாழிட்டார். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய்த் துளையில் உட்கார்ந்தது.

"சரியா இருக்கா?"

"டிரைவரே..." என்றார் உள்ளிருந்தபடியே. "இது என் வீடுய்யா. அவ என் சம்சாரம்."

"கூடத்துல உங்க கல்யாண போட்டோவைப் பாத்தேன்," என்றார் டிரைவர். "நீயா சொல்லுவேன்னுதான் நின்னேன். திறந்துட்டு வா. நான் கிளம்பறேன்."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது அவள் மட்டும் நிற்கிறாள். ஒரு விரல் பட்டால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள். அவருக்குத்தான் கை எழவில்லை.