மூன்று ஆய்வகங்களும் ஒரு மெழுகுக்கட்டியும்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்த் திசுக்களைப் பதிந்து அனுப்புவது என் வேலை. ஒரே திசுவை மூன்று பல்கலைக்கழக ஆய்வகங்கள் தனித்தனியே மரபணுச் சோதனை செய்தன. தங்கள் விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கூட்டு ஆய்வு அது. ஒத்துப்போயின. காணொளிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கல்லல் ஆரோக்கிய ஷீலா டீச்சரின் நுரையீரலில்...'

(அடித்துவிட்டேன். ஆய்வில் அவருக்குப் பெயர் கிடையாது, பதினேழாம் எண். பெயரை நீக்கி எண் போட்டவன் நான்.)

3

மெழுகில் பதித்த திசுவிலிருந்து* ஒவ்வோர் ஆய்வகமும் கொஞ்சம் சீவிக்கொண்டது. 'கொஞ்சம்தான்' என்று மூவரும் எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். திரும்பி வந்தது வெறும் மெழுகு.

பிறகு ஷீலாவுக்குக் கீமோ கேட்கவில்லை. மரபணுவைப் பார்த்துத் தரும் மாத்திரை பலிக்குமா என்று சோதிக்க டாக்டர் திசு கேட்டார். மறுபடி ஊசி குத்தி எடுக்க அவருக்கு மூச்சு தாங்காது.

* மிளகளவுகூட இராது.

4

கணவர் ஆன்றோவை அழவைக்கப் பார்த்தேன், கதைக்கு நல்லது என்று. அவர் அழவில்லை.

"அம்புட்டையும் சீவிட்டீகளா சார்?"

"மூணு இடத்துக்குப் போச்சுங்க, அதான்..."

"சரி. மூணு பேரும் பாத்தாகள்ல. என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்."

"ஆய்வு முடிவ வெளிய சொல்லக் கூடாதுங்க. சொல்லலாமான்னு கேட்டு ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதியிருக்கோம்."

"எப்பக் கூடுவாக?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அவ அம்புட்டு நாளு தாங்கணுமே" என்றார். திட்டியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

5

முடிவு அ: கமிட்டி நாளைக்கே கூடுகிறது. (எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: நான் ஆன்றோவின் பின்னால் ஓடி, பதினேழாம் எண்ணுக்கு மாத்திரை பலிக்கும், மூன்று ஆய்வகமும் அதைத்தான் சொல்கின்றன என்று... (வேலை போய்விடும். எனக்கும் குடும்பம் இருக்கிறது.)

பார்த்தீர்களா, உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

6

நீங்களாவது போய்ச் சொல்லுங்கள் என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லை. ஷீலா, ஆன்றோ, கல்லல் மூன்றுமே நான் மாற்றிவைத்த பெயர்கள். நீங்கள் தேடிப்போனாலும் அந்த வீடு கிடைக்காது. பதினேழாம் எண்ணின் உண்மையான பெயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் இங்கே உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.