துர்சுனாய் வீட்டு ரொட்டி

இல்ஹோம் ஒரு கடி கடித்துவிட்டுப் போன ரொட்டி, எங்கள் ஊரான கோகந்தில் அவன் தாய் துர்சுனாயின் வீட்டுச் சுவரில் ஆறு ஆண்டுகளாகச் சூடு ஆறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைதூரம் போகிறவன் ரொட்டியின் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போவதும், மிச்சத்தைத் திரும்பி வந்து தின்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் அது ஒரு வாரத்தில் ஓடு மாதிரிக் காய்ந்துவிடும். இங்கே காயவில்லை. எரிவாயு நின்றுபோகிற ஜனவரியில் தெருக்காரர்கள் அதன் முன்னால் நின்று குளிர்காய்ந்தார்கள். ரஷ்யாவில் கட்டட வேலை செய்த இல்ஹோம், வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து, அடுத்த வசந்தத்தில் வருவதாகச் சொன்னான். சொல்வதில் அவன் குறை வைத்ததில்லை. ரொட்டி சூடாக இருக்கும்வரை அவனுக்கு வீட்டு நினைப்பு இருக்கிறது என்று துர்சுனாய் நம்பினாள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

மகன் அறையை அவள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டாள். இவர்கள் தாஷ்கண்ட் ரயிலில் காலையில் வந்து மறுநாள் மதியம் போய்விடுகிறவர்கள். அந்தக் காலத்து மன்னர் கானின் அரண்மனை வாசலில் நின்று படம் எடுப்பார்கள். அல்வா தின்பார்கள். காற்றில் தொப்பியைப் பறிகொடுப்பார்கள். பிறகு, இந்த ஊருக்கு அரைநாள் போதும் என்று உலகத்துக்கு எழுதுவார்கள். அரைநாள் போதும் என்பது உண்மைதான். அதைச் சொல்ல இவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அப்படி வந்தவர்களில் ஒருவன் யோரிஸ், பெல்ஜியத்துக்காரன். மலையேறுகிறவனின் பூட்ஸ் போட்டிருந்தான். எங்கள் ஊரில் மேடு என்று எதுவும் கிடையாது. பேசவேண்டியதைக் கைபேசியிடம் சொல்வான், அது எங்களிடம் சொல்லும். மறுநாள் விடிந்ததும் அவனுக்குப் பசித்தது. சுவரில் சூடான ரொட்டி. தனக்காக மாட்டிவைத்த காலை உணவு என்று எண்ணிக்கொண்டான். இவர்கள் எதையும் தங்களுக்காக என்றே எண்ணுவார்கள். ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தான். துர்சுனாய் தேநீரோடு வந்தபோது ஆணி மட்டும் இருந்தது.

“டேய், எங்கடா இங்க இருந்த ரொட்டி?”

“சாப்டுட்டேம்மா. பசிச்சுது,” என்றான் யோரிஸ், கோகந்துப் பேச்சில், ஒரு பிசிறில்லாமல். பிறகு கைபேசியைப் பார்த்தான். அது அணைந்து கிடந்தது.

அவனை ரயிலடியில் விட வந்திருந்த கார்க்கார மமதலி வாசலிலேயே நின்றுவிட்டார். “இத்தனை வருஷம் காவல் காத்து, கடைசியில பூனை வந்து நக்கிட்டுப் போயிருச்சே அக்கா! பூனைக்காவது மீசை ஒழுங்கா இருக்கும்.”

“நீ வாயை மூடு மமதலி.”

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் போன் அடித்தது. “அம்மா, என்னமோ காலையிலேர்ந்து வயிறு நெறஞ்சு கெடக்கு,” என்றான் இல்ஹோம். “ஊர் ஞாபகமே வரமாட்டேங்குது. இங்கயே ஒரு வீடு பாத்துரலாம்னு இருக்கேன்.”

அவள் “பாத்துக்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

யோரிஸ் மதிய ரயிலில் ஏறினான். அது எங்கெங்கோ ஓடி அவனைக் கோகந்திலேயே இறக்கிவிட்டது. மாலை ரயிலும் அதையே செய்தது. “என்ன தம்பி, பாக்கறதுக்கு இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?” என்று மமதலி ஒவ்வொரு முறையும் கேட்டார். ரொட்டியைத் தின்றவனே திரும்பி வந்த பிள்ளை என்று தெருப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதைவிடக் கஷ்டமான எதற்கும் அவர்கள் தீர்ப்புச் சொன்னதில்லை. துர்சுனாய் ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். கூரைக்கு மண் பூசவேண்டியிருந்தது, மல்பெரி மரத்தின் கிளைகளைக் கழிக்கவேண்டியிருந்தது, குளிருக்கு முன் திராட்சைக் கொடிகளை மண்ணில் புதைக்கவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கெடுத்தான். “உங்க ஊர்ல ரெண்டு கையையும் காலாவே வளத்து விடுறாங்களாடா?” என்று அவள் திட்டுவது தெருமுனைவரை கேட்டது. இப்படியே சில ஆண்டுகள் போயின. அவள் பனியில் வழுக்கி இடுப்பு முறிந்தபோது அவன்தான் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். முதுகிலிருந்தும் திட்டினாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் தாஷ்கண்ட் ரயிலிலிருந்து இல்ஹோம் இறங்கினான். கழுத்தில் கேமரா தொங்கியது. துர்சுனாய் வீட்டுக் கதவைத் தட்டி ஓர் இரவுக்கு அறை கேட்டான். அது யார் வீடென்று அவனுக்குத் தெரியவில்லை. அரண்மனை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தான். அவள் சொன்னாள். காலையில் பூப்போட்ட விரிப்பை விரித்து, எல்லா விருந்தாளிகளுக்கும் வைப்பதை அவனுக்கும் வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுங்களா?”

“போதும்மா. நல்லா இருந்துச்சு. ரொம்பச் சின்ன ஊரு, இல்ல?”

“ஆமாங்க. சின்ன ஊருதாங்க.”

மமதலி அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனார். “அக்கா, அது நம்ம இல்ஹோம்தானே?”

“ஆமா. அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு, கொண்டுபோய் விடு.” முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “டேய் யோரிஸ், அங்க என்னடா வேடிக்கை? விருந்தாளி நிக்கிறாரு பாரு, பெட்டியத் தூக்கிக் கார்ல வைடா.”

யோரிஸ் தூக்கிக்கொண்டு போனான். பெட்டி கனமில்லை. ஒரு ராத்திரி தங்க வருகிறவர்கள் அதிகம் கொண்டுவருவதில்லை.