மணியின் இன்ஜின்

"அதுல கைய வெக்காதே" என்று ரத்தினபாய் சொல்லி முடிப்பதற்குள், ஷாமியானா போட வந்த ஆள் தார்ப்பாயை உருவிவிட்டான். காலையிலிருந்தே மழை. வாசல் பந்தலில் ஒரு மூலை ஒழுகி, துக்கத்துக்கு வந்தவர்கள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது கிடைக்குமா என்று வீட்டைச் சுற்றி வந்தவனுக்குப் பின்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த தார்ப்பாய் கண்ணில் பட்டிருக்கிறது. அவனைச் சொல்லி என்ன பயன், சாவு வீட்டில் யாரைக் கேட்பான்.

கூடத்தில் சவப்பெட்டிக்குள் அவள் புருஷன் தனசிங் படுத்திருந்தார். நேற்றுக் காலை முகம் கழுவப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், கல்லுளிமங்கன்.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது மகன் மணியின் புல்லட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டலூர் பக்கத்தில் லாரி மோதி மணி செத்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்த வண்டியை தனசிங்தான் பின்கட்டில் நிறுத்தி மூடினார். விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, ஒரு ஸ்க்ரூகூட நகரக் கூடாது என்று ரத்தினபாய் சொல்லிவிட்டாள். திறந்து பார்க்க அவளுக்குத் தெம்பு வரவே இல்லை. சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போகும்போது தார்ப்பாய் மேல் கை வைத்து, இது டேங்க், இது சீட், இது இன்ஜின் என்று தடவிவிட்டு வருவாள். அது போதும் அவளுக்கு.

இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். முன்சக்கரம் எட்டாய் வளைந்திருந்தது. சிவப்பு டேங்கில் பக்கவாட்டு நசுங்கல். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். கண் கீழே இறங்கியபோதுதான் கிக்கரைப் பார்த்தாள். அதில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. புருஷனின் செருப்பு வழுக்குகிறதே என்று அவளே இழுத்துச் சுற்றி, செப்புக்கம்பியால் கட்டிக்கொடுத்த டியூப். அது மணியின் வண்டியில் எப்படி வரும்?

குனிந்து பார்த்தாள். கிக்கர் மட்டும் அல்ல. கன்னியாகுமரி, ஊட்டி, பெங்களூர் என்று தனசிங் இருபது வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிய பழைய வண்டியின் இன்ஜின் அது. ஓரத்தில் துண்டு உடைந்துபோன இடமும், புகை படிந்து கறுத்த மூடியும் அவளுக்குத் தெரியாதா. கல்யாணமான புதிதில் அதன் சூடு பட்டுக் கணுக்காலில் தழும்பு வாங்கியவள் அவள். மகன் வண்டியின் வயிற்றுக்குள் புருஷன் வண்டியின் இன்ஜின் உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் மணியின் இன்ஜின் எங்கே?

இரண்டடி தள்ளி, பக்கப் பெட்டிகளும் கேரியருமாகத் தனசிங்கின் பழைய புல்லட் நின்றுகொண்டிருந்தது. முந்தாநாள்கூட மார்க்கெட்டுக்குப் போய்வந்த வண்டி.

அவள் திரும்பினாள். கேம்ப் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் மாரி, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றான். தார்ப்பாய் விலகியிருப்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவே போதும் அவளுக்கு.

"எப்போ மாத்துனே?"

"அக்கா, இன்னைக்கு வோணாம்க்கா."

"எப்போன்னு கேட்டேன்."

"போன வருஷம். நீ உன் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தியே, அப்போ. அண்ணன் வண்டி இன்ஜின் ஜாம் ஆயிடுச்சி. போர் போட்டு ரிப்பேர் பண்ணாலும் தேறாதுன்னு நான்தான் சொன்னேன். தம்பி வண்டில ஒடம்புதான் போச்சி, இன்ஜின் நல்லா கீது. ரெண்டும் ஒரே மேக். இன்ஜின், கார்பரேட்டர், சைலன்சர் எல்லாம் அப்படியே ஒக்காந்துச்சி."

"பழச எதுக்குடா இதுல மாட்டுனே? குப்பையில போட வேண்டியதுதானே."

மாரி மாலையைக் கை மாற்றிக்கொண்டான்.

"மூடி கெடந்தாலும் உள்ள காலியா இருந்தா உன் கைக்குத் தெரிஞ்சிடும்னாரு அண்ணன். தெனம் தடவிப் பாக்குறியாமே. வளைஞ்ச பிரேம்ல இது ஒக்காரல, ரெண்டு பட்டை வெல்டு அடிச்சித்தான் மாட்டுனேன். புள்ள இன்ஜின் துரு புடிச்சி இன்னொரு தபா சாவக் கூடாதுடான்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

ஒரு வருஷமாக ரத்தினபாய் தடவியது மகனை அல்ல, இந்தக் கிழட்டு இரும்பை. ஆனால் அது பெரிதில்லை. அதற்கு மேல் ஒன்று மெல்ல மெல்ல உறைத்தது.

கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வாரம். அடுப்படியில் இருந்தவளுக்குத் தெரு முனையில் அந்தச் சத்தம் கேட்டது. பஞ்சை உருவிச் சத்தம் கூட்டிய சைலன்சரும், நின்று ஓடும்போது நடுவில் ஒரு அடி விட்டு விட்டு அடிக்கும் இன்ஜினும். "மணி வந்துட்டான்" என்று சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கேட்டில் நின்றது தனசிங். அவள் முகத்தையும் தட்டையும் பார்த்தார். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

மறுபடி கேட்டது. மறுபடி ஓடினாள். "மணி வண்டி சத்தம் கேக்குதுங்க" என்று அவரிடமே சொன்னாள். "மனசுதான் ரத்தினம், வேற ஒண்ணும் இல்ல" என்றார் மனுஷன். எவ்வளவு நெஞ்சழுத்தம். அதோடு விட்டாரா. குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மாத்திரை நாக்கைத் தடிக்க வைத்தது, ஜெபத்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூங்க வைத்தது. பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். மகள் ஞானஜோதி காட்டாங்குளத்தூரிலிருந்து வந்து, சமையலறையில் கத்தியையெல்லாம் எடுத்து மேலே வைத்தாள். சொந்தக்காரர்கள் அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரோடு மாத்திரையை நீட்டியவர் அவர். அவருக்குத் தெரியும். அவள் காதில் விழுந்தது நிஜம் என்று உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பைத்தியக்காரி என்று பெயர் வாங்கட்டும் என்று விட்டுவிட்டு, இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறார். எழுப்பி நாலு கேள்வி கேட்கக்கூட வழியில்லாமல்.

இரண்டு கையாலும் அந்தப் பழைய இன்ஜினைப் பிடித்துப் பிடுங்குவதுபோல் உலுக்கினாள். வண்டி ஸ்டாண்டில் ஆடியது, இன்ஜின் அசையவில்லை.

"கழட்டுடா. அவர எடுக்கறதுக்குள்ள என் புள்ளையோடத என் புள்ள வண்டியில வை."

"முழுசா ஒரு நாள் புடிக்கும்க்கா. ஸ்பானர்கூட எடுத்தாரல நான்."

"அப்போ ஸ்டார்ட் பண்ணு."

"அக்கா, உள்ள பாட்டு பாடிக்கினு கீறாங்க."

"அவரு சொன்னா செய்வே, நான் சொன்னா செய்ய மாட்டியா?"

மாரி மாலையை வண்டியின் பக்கப் பெட்டி மேல் வைத்தான். பழைய புல்லட்டின் மேல் ஏறி உதைத்தான். முதல் உதையில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. பின்கட்டுச் சுவர்களுக்குள் அந்தச் சத்தம் நிறைந்தது. நின்று, ஒரு அடி விட்டு, மறுபடி. மணி கேட்டைத் திறக்கச் சொல்லி அப்படித்தான் ஓடவிட்டு நிற்பான்.

கூடத்தில் பாட்டு இழுத்து இழுத்து நின்றது. ஞானஜோதி பாட்டுப் புத்தகத்தோடு பின்வாசலுக்கு ஓடி வந்தாள். திட்ட வந்தவள்தான். வாசல்படியில் காலை வைத்தவள் அங்கேயே நின்றாள். அண்ணன் வண்டியின் பின்சீட்டில் காலேஜுக்குப் போனவள் அவள்.

"கேக்குதா உனக்கு?" என்றாள் ரத்தினபாய்.

ஞானஜோதி ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள், தார்ப்பாய் இல்லாமல் கிடந்த அண்ணன் வண்டியைப் பார்த்தாள், மாரியைப் பார்த்தாள்.

"கேக்குதும்மா."

"எனக்கும் அதான்டி கேட்டுச்சு."

மகள் அழ ஆரம்பித்தாள். ரத்தினபாய் அழவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். வழியில் இருந்த பெண்கள் ஒதுங்கினார்கள். "நேரமாச்சும்மா, பெட்டிய மூடணும். கடைசியா முகத்தைப் பாத்துக்கங்க" என்று பாஸ்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். பின்கட்டில் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கச் சொல்லி யாரும் போகவில்லை.

பெட்டியின் ஓரத்தில் நின்று அவரைப் பார்த்தாள். சவரம் செய்து, தலை வாரி, நெற்றியில் யாரோ சென்ட் தடவியிருந்தார்கள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. குனிந்து அதை எடுத்துவிட்டாள். பிறகு நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், அடித்தாளா வைத்தாளா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

கையை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பு ஆயிலாகப் பதிந்திருந்தன.

"ஐயோ, வேற சட்டை எடுத்துட்டு வரேம்மா" என்று ஞானஜோதி பீரோவுக்குத் திரும்பினாள்.

"இருக்கட்டும்" என்றாள் ரத்தினபாய். "மூடுங்க."