வட்டத்துக்குள் நின்றவள்

சம்மட்டி எறிதலைக் கைவலிமையின் விளையாட்டு என்று சொல்கிறவர்கள், அதை ஒருமுறையேனும் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். பெயர்தான் சம்மட்டி, உண்மையில் அது கம்பியின் நுனியில் கோத்த இரும்புக் குண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவே உள்ள வட்டத்துக்குள் நான்கு சுற்றுச் சுழன்று எறிய வேண்டும். கடைசிச் சுற்றில் எறிபவரின் எடையைப்போல் இரு மடங்கு விசையோடு குண்டு அவரை வெளியே இழுக்கும். அப்போதும் கால் வட்டத்தைத் தாண்டலாகாது. எறிந்த பின்னும் தாண்டலாகாது. இதில் கை என்பது வெறும் கயிறு. வேலை முழுவதும் காலுக்கும் இடுப்புக்குமே உரியது.

இவ்வளவையும் வாஷிங்மெஷின் மெக்கானிக் ஒருவன் சம்மட்டி எறியும் தன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். அன்று அரங்கின் கம்பித் தடுப்பை ஒட்டி நின்ற அவன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியின் முதல் எறி செல்லுபடியாகவில்லை, இரண்டாவதும் ஆகவில்லை. இரு முறையும் குண்டு நல்ல தொலைவில் விழுந்தது. இரு முறையும் அவள் பின்புறமாகத் தள்ளாடி வட்டத்துக்கு வெளியே கால் வைத்தாள். சிவப்புக் கொடி உயர்ந்தது. எஞ்சியிருந்தது ஒரே எறி. அதில் முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் அணியில் மீண்டும் இடம் உண்டு. எட்டுப் பேருக்கும் மேலும் மூன்று எறிகளும் உண்டு. வராவிட்டால், குழந்தை பெற்றவளுக்கு இனி எதற்கு இந்த வேலை என்று முணுமுணுத்துக் கொண்டிருந்த தேர்வுக்குழுவின் வாய்க்கு அதுவே தீனி.

மெக்கானிக்கின் கலக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. பயிற்சியாளர் வெளியூர் சென்றிருந்த வாரத்தில், கடைசிச் சுற்றில் குண்டு தன்னை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது என்று மனைவி குறைப்பட்டாள். அடுக்களையில் துடைப்பத்தைப் பிடித்துச் சுழன்றும் காட்டினாள். அவன் திறந்து போட்ட ஒரு மெஷினின் முன் உட்கார்ந்திருந்தான். டிரம் ஆட்டம் போடாமல் இருக்க உள்ளே காங்கிரீட் கட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதைத் தட்டிக் காட்டி, இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கனம் வேண்டும் என்றான். உனக்கு மேலே கனமாக இருப்பது தலை, அதைப் பின்னால் தள்ளு என்றான்.

“என் தலை காங்கிரீட்டுன்னு இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?” என்று சிரித்தாள் அவள். சிரித்தாலும், மைதானத்தில் செய்தும் பார்த்தாள். குண்டு முன்னைவிடத் தொலைவில் போய் விழுந்தது. குண்டு விழுந்த இடத்தை இருவரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கால் விழுந்த இடத்தை இருவருமே பார்க்கவில்லை.

இப்போது அவள் தடுப்பருகே வந்தாள். ஊர் திரும்பிவிட்ட பயிற்சியாளரும் அங்கே நின்றார்; நரைத்த தலையும் கறாரான பேச்சும் உடைய பெண்மணி. தலை ஏன் பின்னால் போகிறது, நான் இதைச் சொல்லித் தரவில்லையே என்று கேட்டார். தானாக வருகிறது என்றாள் அவள். கணவன் பக்கம் அவள் கண் திரும்பவில்லை.

பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார். “பிரசவத்துக்கு அப்புறம் வயிறு இன்னும் தேறல போல. இதை மெதுவா எறி. கால் நின்னா போதும்.”

மெதுவாக எறிந்தால் கால் நிற்கும். எட்டுப் பேருக்குள் இடம் நிற்காது. அது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். மெக்கானிக் முன்னால் நகர்ந்தான்.

“அவ உடம்புல ஒண்ணும் இல்லைங்க. நான்தான் தலையத் தள்ளச் சொன்னேன். மெஷின்ல அப்படித்தான் செய்வோம்.”

பயிற்சியாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க மெஷின் தரையில உக்காந்திருக்கு, தம்பி. இவ ஒத்தக் கால்ல நிக்கிறா. குண்டு கையை விட்டதும் இழுவை போயிடும். பின்னால போன தலை எங்க போய் நிக்கும்?”

பழகிவிட்டதை நொடியில் மறப்பது எப்படி என்பது பயிற்சியாளருக்கும் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து, மேல்படியிலிருந்து மனைவியின் அண்ணன் குழந்தையை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தான்.

“மாப்பிள்ளை, உங்க பொண்ணு என் சட்டையை நனைச்சுட்டா. இனிமே இவ உங்க பொறுப்பு.”

மெக்கானிக் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டான். தாயைக் கண்ட குழந்தை இரு கைகளையும் நீட்டித் தடுப்புக்கு வெளியே தாவியது. அவன் அறியாமலே அவன் முழங்கால்கள் மடிந்தன. இடுப்பு எதிர்த்திசையில் பின்வாங்கியது. தலை மட்டும் இருந்த இடத்தில் நேராக நின்றது.

“அப்படியே நில்லுங்க,” என்றாள் மனைவி.

அவன் சிலையானான். குழந்தை இன்னும் எட்டித் தாவியது, அவன் இடுப்பு இன்னும் பின்னால் போனது, தலை அசையவில்லை. அவள் பக்கவாட்டில் நகர்ந்து, தோளையும் இடுப்பையும் குதிகாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, வெறுங்கையால் இல்லாத குண்டைப் பிடித்து, தன் இடுப்பையும் அவ்வாறே பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். அவள் பெயரை அழைத்தார்கள்.

வட்டத்துக்குள் நின்று குண்டைத் தலைக்குமேல் வீசிச் சுழற்றினாள். பின் தானும் சுழன்றாள். இடது குதிகாலில் தொடங்கி விரலடிக்கு உருண்டது பாதம். தூக்கிய வலக்கால் குண்டு சுற்றி வருவதற்குமுன் தரைக்குத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருபவளைப்போல் சுற்றுக்குச் சுற்று இடுப்பு தாழ்ந்து பின்வாங்கியது. குண்டு இழுத்த அளவுக்கு இடுப்பு ஈடு கொடுத்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவு வேகத்துக்கும் நடுவில் தலை நேராக இருந்தது; காதுக்குள் அமைந்த நிலையுணர்வு குழம்பவில்லை. குண்டும் அவளும் எதிரெதிரே தொங்க, அச்சு இரண்டுக்கும் இடையில் எங்கோ வெறும் காற்றில் நின்றது. தாங்கிப் பிடிக்கத் தரையில் திருகிய ஆணி ஒன்றுமில்லாமல் ஓர் உடல் இப்படி நிற்கும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், தொழில் தெரிந்த மெக்கானிக் நம்பியிருக்கமாட்டான்.

நான்காம் சுற்றில் குண்டு பறந்தது. இழுவை அற்றது. மிஞ்சிய சுழற்சியை அவள் ஒற்றைக் காலில் அரைச்சுற்றாகச் சுற்றித் தீர்த்தாள். விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே பாதம் நின்றது. குண்டு விழும்வரை அங்கேயே நின்று, விதிப்படி வட்டத்தின் பின்பாதி வழியாக நடந்து வெளியேறினாள். வெள்ளைக் கொடி உயர்ந்தது. பலகையில் அவள் எண் ஆறாம் இடத்தில் வந்து அமர்ந்தது.

பயிற்சியாளர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “இன்னும் மூணு எறி இருக்கு, தம்பி. குழந்தையோட அங்கேயே நில்லுங்க. ஏதாவது யோசனை வந்தா மச்சான்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

மெக்கானிக் தலையை ஆட்டவும் அஞ்சி அப்படியே நின்றான்.